பட்டயமும் பரம்பரையும்: ஒரு நாடகக் குடும்பத்தின் கதை

லண்டன் நாடக வரலாற்றில் 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சிப்பர் குடும்பத்தின் காலம் என்று சொன்னால் அது மிகையாகாது. தந்தை கோலி சிப்பர் நடிகர், நாடகாசிரியர், அரங்க நிர்வாகி, அரசவைக் கவிஞர் எனப் பல பொறுப்புகளை வகித்தவர். மகன் தியோஃபிலஸும் மகள் சார்லட்டும் தந்தையைப் போலவே நகைச்சுவை வேடங்களால் அறியப்பட்டவர்கள். மருமகள் சுசானா பாடகியாகத் தொடங்கி, நாட்டின் தலைசிறந்த சோக நடிகைகளுள் ஒருவராக உயர்ந்தவர்.

நாடக ஆய்வாளர்கள் இக்குடும்பத்தின் நடிப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பொருளியல் பயின்ற ஒருவர் இவ்வரலாற்றைப் படிக்கும்போது கண்ணில் படுவது வேறொன்று. கலை ஒன்று, வீடு ஒன்று, பழகிய மேடையும் ஒன்று. ஆனால், தந்தை வசதியாக வாழ்ந்து 86-ஆம் வயதில் மறைந்தார். மகன் வாழ்நாளெல்லாம் கடன்காரர்களுக்கு அஞ்சி ஓடினார். மகள் வறுமையில் உழன்று மறைந்தார். திறமையில் இருந்த ஏற்றத்தாழ்வும் குணக்கேடுகளும் இதற்கு ஓரளவு காரணம். ஆனால், நாடகம் நடத்தும் சட்டப்பூர்வ உரிமை யார் கையில் இருந்தது, அது எப்படிக் கைமாறியது என்பதைப் பாராமல் இக்கதையைப் புரிந்துகொள்ள முடியாது.

இரண்டே குழுக்கள்

1642-ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், இங்கிலாந்து நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. 1660-இல் மன்னராட்சி மீண்டபோது இரண்டாம் சார்லஸ் நாடகத்தை மீண்டும் அனுமதித்தார். ஆனால், எல்லோருக்கும் அன்று. தாமஸ் கில்லிக்ரூ, வில்லியம் டாவனன்ட் என்ற இருவருக்கு மட்டுமே அவர் அரசப் பட்டயம் வழங்கினார். லண்டனில் இவ்விருவரின் குழுக்களைத் தவிர வேறு எவரும் நாடகம் நடத்தலாகாது. இப்பட்டயங்கள் சொத்தாகவே கருதப்பட்டன. அவற்றை வாரிசுகளுக்கு விட்டுச்செல்லலாம், பங்குகளாகப் பிரிக்கலாம், விற்கலாம். மேடையில் ஒருநாளும் ஏறியிராத வழக்கறிஞர்களும் செல்வந்தர்களும் நாடகத்தின் உரிமையாளர்களானது இவ்வாறுதான்.

1682-இல் இரு குழுக்களும் இணைந்தன. அதன்பின் லண்டனில் ஒரே குழு. நாடகம் பார்ப்பவருக்கு ஒரே விற்பனையாளர் என்பது மட்டுமன்று. நடிகருக்கு ஒரே முதலாளி என்பதும் அதன் பொருள்.

அந்த ஒரே முதலாளியிடம்தான் 1690-இல், ஏறத்தாழ 19 வயதில், கோலி சிப்பர் சம்பளமில்லாத பயிற்சி நடிகராகச் சேர்ந்தார். அவருடைய தந்தை கேயஸ் கேப்ரியல் சிப்பர் வடக்கு ஜெர்மானியப் பகுதியிலிருந்து லண்டனுக்கு வந்த சிற்பி. பெத்லம் மனநல மருத்துவமனையின் வாயிலில் இருந்த இரு புகழ்பெற்ற சிலைகள் அவர் வடித்தவை. மகனுக்கோ மேடைமீதுதான் மோகம். கோலி சிப்பருக்கு முதன்முதலில் சம்பளம் கிடைத்ததைப் பற்றி நாடக உலகில் வழங்கிவந்த கதை ஒன்று உண்டு. மேடையில் அவர் செய்த தவற்றால் ஒரு காட்சி கெட்டது. மூத்த நடிகர் தாமஸ் பெட்டர்டன் கோபமுற்று அவருக்கு அபராதம் விதிக்கச் சொன்னார். ‘அவருக்குச் சம்பளமே கிடையாதே’ என்று பதில் வந்தது. ‘அப்படியானால் வாரம் பத்து ஷில்லிங் சம்பளம் போடுங்கள், அதில் ஐந்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்றாராம் பெட்டர்டன்.

போட்டி தந்த உயர்வு

1690-களில் குழுவின் நிர்வாகம் கிறிஸ்டோபர் ரிச் என்ற வழக்கறிஞரின் கைக்குப் போனது. செலவைக் குறைப்பதில் அவர் காட்டிய கண்டிப்பு மூத்த நடிகர்களைப் புண்படுத்தியது. 1695-இல் பெட்டர்டன் தலைமையில் அவர்கள் வெளியேறி, அரசரிடம் தனி அனுமதி பெற்று, லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் பகுதியில் போட்டி அரங்கைத் திறந்தார்கள்.

அடுத்து நிகழ்ந்ததைப் பொருளியல் பாடநூலில் எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம். அதுவரை வாரம் 40 ஷில்லிங் பெற்றுவந்த ஜார்ஜ் பவல் போன்ற இளம் நடிகர்களுக்கு, அவர்களைத் தக்கவைத்துக்கொள்வதற்காக, ரிச் நான்கு பவுண்டு கொடுக்க முன்வந்தார். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஆக, சம்பளம் ஒரே வீச்சில் இருமடங்கு! அவர்களுடைய நடிப்பு ஓரிரவில் இருமடங்காக உயர்ந்துவிடவில்லை. இன்னொரு முதலாளி தோன்றியதால் வந்த உயர்வு அது. கோலி சிப்பரும் ரிச்சிடமே தங்கினார். மூத்தவர்கள் போனதால் வேடங்களும் காலியாயின.

ஆயினும் நல்ல வேடம் எதுவும் தம்மைத் தேடி வராததால், தமக்கான வேடத்தைத் தாமே எழுதிக்கொள்வதென அவர் முடிவு செய்தார். 1696 ஜனவரியில் மேடையேறிய ‘லவ்ஸ் லாஸ்ட் ஷிஃப்ட்’ நாடகத்தில் சர் நாவல்டி ஃபேஷன் என்ற பகட்டு மைனராக அவர் தோன்றினார். ஆடை, பொய்முடி, நடை, பேச்சு எல்லாவற்றிலும் புதுமோகம் பிடித்தவன் அவன். அவனது பிரம்மாண்டமான பொய்முடியை இருவர் பல்லக்கில் சுமந்துவந்து மேடையில் இறக்குவார்கள். அரங்கம் சிரிப்பில் அதிரும். அதே ஆண்டின் இறுதியில் ஜான் வான்பரோ இந்த நாடகத்தின் தொடர்ச்சியாக ‘தி ரிலாப்ஸ்’ எழுதினார். அதில் அந்த மைனர் ஃபாப்பிங்டன் பிரபுவாகப் பதவி உயர்வு பெற்றிருந்தான். அந்த வேடத்தையும் சிப்பரே ஏற்றார். மெல்லிய குரலும் ஒடிசலான உடலும் கொண்ட அவருக்குக் கதாநாயக வேடம் எட்டாக்கனியாக இருந்தது. தம் குறைகளையே நகைச்சுவையின் முதலாக்கிக்கொண்டதில்தான் அவரது நடிப்பின் வெற்றி இருந்தது.

அந்தப் பொய்முடி இன்னொரு நன்மையும் செய்தது. அதைக் கண்டு ஆசைப்பட்டு, விலைக்குக் கேட்டுக்கொண்டு மேடைக்குப் பின்புறம் வந்த ஹென்றி பிரெட் என்ற கனவான் சிப்பரின் நண்பரானார். பிற்காலத்தில் பட்டயத்தின் ஒரு பங்கு இந்த பிரெட்டிடம் வந்து சேர்ந்தது. 1708-இல் அவர் தம் சார்பில் நிர்வாகத்தைக் கவனிக்க நியமித்த மூன்று நடிகர்களுள் சிப்பரும் ஒருவர். ஊழியர் நிர்வாகத்துக்குள் நுழைந்தது இப்படித்தான்.

நடிகர்களே முதலாளிகள்

அக்காலத்தில் நடிகர்களின் வருவாயில் முக்கியமான ஒரு பகுதி, ஆண்டுக்கு ஓர் இரவு நாடக வசூல் முழுவதும், செலவு போக, குறிப்பிட்ட நடிகருக்கே வழங்கப்படும் ஏற்பாட்டிலிருந்து வந்தது. 1709-இல் ரிச் அந்த வசூலில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார். நடிகர்கள் அரண்மனை அதிகாரியான லார்டு சேம்பர்லினிடம் முறையிட்டார்கள். பட்டயம் வைத்திருந்தும் ரிச்சின் அரங்கு மூடப்பட்டது. ஓரிரு ஆண்டு குழப்பத்துக்குப் பின், டிரூரி லேன் அரங்கின் நிர்வாகம் சிப்பர், ராபர்ட் வில்க்ஸ், தாமஸ் டாகெட் ஆகிய மூன்று நடிகர்களிடம் வந்து சேர்ந்தது.

நடிகர்களே நடத்திய இந்தக் கூட்டு நிறுவனம் இருபதாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. நிர்வாகத்தின் ஒழுங்கைப் பற்றிச் சிப்பர் பிற்காலத்தில் பெருமையோடு எழுதினார். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் எல்லாக் கடன்களையும் தீர்த்த பிறகே பங்காளிகள் தங்களுக்கென ஒரு ஷில்லிங் எடுத்தார்கள் என்றும், எந்தக் கடைக்காரரும் ஒரே கணக்குக்காக இரண்டாம் முறை வர நேர்ந்ததில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். கலை நிறுவனங்களில் இது இன்றும் அரிது.

ஆனால், அரசின் தயவில் வந்த உரிமைக்கு ஒரு விலை உண்டு. 1713-இல் பார்ட்டன் பூத் என்ற நடிகரையும் பங்காளியாகச் சேர்க்குமாறு அரண்மனையிலிருந்து உத்தரவு வந்தது. ‘என் சொத்தில் பங்கு கொடுக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை’ என்ற நிலையை எடுத்த டாகெட், நிர்வாகத்தைவிட்டே விலகினார். சிப்பர் வளைந்து கொடுத்தார். 1715-இல் எழுத்தாளர் ரிச்சர்ட் ஸ்டீலின் பெயரில் புதிய பட்டயம் கிடைத்தது. 1717-இல் ஆளும் வம்சத்தின் எதிரிகளைக் கிண்டல் செய்து அவர் எழுதிய ‘தி நான்-ஜூரர்’ நாடகத்துக்கு முதலாம் ஜார்ஜ் மன்னர் 200 பவுண்டு பரிசளித்தார். 1730-இல் அரசவைக் கவிஞர் பதவியும் வந்தது. அவருடைய கவிதைக்காக அது வந்தது என்று அக்காலத்தில் எவரும் நம்பவில்லை.

உரிமை கையில் இருப்பவருக்குப் புதுமையை நாடவேண்டிய அவசியம் குறைந்துவிடுகிறது. 1728-இல் ஜான் கே எழுதிய ‘தி பெகர்ஸ் ஆப்பரா’ டிரூரி லேனுக்கு வந்தபோது சிப்பர் அதை மறுத்துவிட்டார். கிறிஸ்டோபர் ரிச்சின் மகன் ஜான் ரிச் அதைத் தம் அரங்கில் மேடையேற்றினார். முதல் பருவத்திலேயே 62 முறை நடந்து அந்நாடகம் பெரும் சாதனை படைத்தது. இரண்டாவது அரங்கு ஒன்று இல்லாதிருந்தால், ஆங்கில மேடையின் மிகப் பெரிய வெற்றிகளுள் ஒன்றை லண்டன் பார்த்திருக்காது.

மகனின் கலகம்

1732-இல் வில்க்ஸ், பூத், சிப்பர் மூவர் பெயரிலும் 21 ஆண்டுகளுக்குப் பட்டயம் புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில் வில்க்ஸ் இறந்தார். பூத் நோயுற்றுத் தம் பங்கில் பாதியை ஜான் ஹைமோர் என்ற செல்வந்தருக்கு விற்றார். சிப்பரின் மகன் தியோஃபிலஸுக்கு அப்போது 29 வயது. ஷேக்ஸ்பியரின் வாய்ச்சவடால் வீரனான பிஸ்டல் வேடத்தில் புகழ் பெற்றிருந்தார்; அந்தப் பெயரே அவருக்குப் பட்டப்பெயராகவும் ஒட்டிக்கொண்டது. தந்தையின் பங்கை வாடகைக்கு எடுத்து, நிர்வாகத்தையும் பழகிவந்தார். அது தமக்கே வரும் என்று அவர் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

1733 மார்ச்சில் கோலி சிப்பர் தம் பங்கை 3,000 கினிக்கு, அதாவது 3,150 பவுண்டுக்கு, ஹைமோரிடம் விற்றார். நாடகத் தொழில் தெரியாத ஒருவர் ஒரே நாளில் முதலாளியானார்; தொழில் தெரிந்த மகன் வாரக்கூலியானார்.

தியோஃபிலஸ் நடிகர்களைத் திரட்டினார். மே மாத இறுதியில் ஹைமோர் தரப்பு அரங்கின் கதவுகளை அடைத்தது. செப்டம்பரில், பெரும்பாலான முன்னணி நடிகர்கள் தியோஃபிலஸின் தலைமையில் ஹேமார்க்கெட் சிற்றரங்கில் நாடகம் நடத்தத் தொடங்கினார்கள். தங்கை சார்லட்டும் அவர்களோடு இருந்தார். ஹைமோரிடம் கட்டடமும் பட்டயமும் இருந்தன, நடிகர்கள் இல்லை.

அவர் சட்டத்தை நாடினார். அனுமதியின்றி நடிப்பவர்களை நாடோடிகளாகக் கருதித் தண்டிக்கலாம் என்ற சட்டத்தின்கீழ், ஃபால்ஸ்டாஃப் வேடத்துக்குப் பெயர் பெற்ற, பருத்த உடல்வாகு கொண்ட ஜான் ஹார்ப்பர் நவம்பரில் கைது செய்யப்பட்டார். ஆனால், ஹார்ப்பருக்குச் சொந்த நிலம் இருந்தது, வீடு இருந்தது, வாக்குரிமையும் இருந்தது. இத்தகையவரை நாடோடி என்று எப்படிச் சொல்வது? நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1734 தொடக்கத்தில் ஹைமோர் பெருநட்டத்தில் தம் உரிமையைச் சார்ல்ஸ் ஃபிளீட்வுட் என்பவருக்கு விற்றார். நடிகர்கள் வெற்றியோடு டிரூரி லேனுக்குத் திரும்பினார்கள்.

இப்போராட்டத்தைச் சித்திரித்து ஜான் லகேர் வெளியிட்ட கேலிப்படத்தில் தியோஃபிலஸ் பிஸ்டல் வேடத்தில் நிற்கிறார். தந்தையோ பணமூட்டைகளோடு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார். ஓவியர் ஹோகார்த் தம் ‘சதர்க் ஃபேர்’ சித்திரத்தில் இப்படத்தையே ஒரு விளம்பரத் திரைச்சீலையாகத் தீட்டியுள்ளார்.

நடிகர்கள் வென்றார்கள், ஆனால், உரிமை முறை மாறவில்லை. வேறொரு முதலாளி வந்தார், அவ்வளவே. தியோஃபிலஸ் நியாயத்தின் உருவமும் அல்லர். 1734-இல் அவர் மணந்த சுசானா, இசையமைப்பாளர் தாமஸ் ஆர்னின் தங்கை. மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்கே உரியது என்பது அக்காலச் சட்டம்; சுசானாவின் சம்பளம் தியோஃபிலஸின் கடன்களில் கரைந்தது. பின்னர் வேறொருவருடனான மனைவியின் உறவைக் காரணம் காட்டி 1738-இல் அவர் 5,000 பவுண்டு இழப்பீடு கேட்டு வழக்கிட்டார். அந்த உறவுக்கு அவரே உடந்தை என்று கருதிய நடுவர் குழு அளித்தது பத்து பவுண்டு. பங்கை விற்றபோது தம்மைக் கலந்துகொள்ளவில்லை என்று தந்தையோடு மோதிய மகன், மனைவியின் உழைப்பைத் தம் சொத்தாக நடத்துவதில் தவறேதும் காணவில்லை.

மகளுக்கு மூடிய கதவு

சார்லட் 1713-இல் பிறந்த கடைசி மகள். நான்கு வயதில் தந்தையின் பொய்முடியையும் அங்கியையும் அணிந்துகொண்டு தெருவோரம் நின்று வேடிக்கை காட்டியதாக அவரே எழுதியிருக்கிறார். 1730-இல் டிரூரி லேன் மேடையேறினார். ஆண் வேடங்களில் அவர் காட்டிய தேர்ச்சி தனியானது. 1735-இல் ஃபிளீட்வுட்டோடு மோதி வெளியேறி, அந்த நிர்வாகத்தைக் கிண்டல் செய்து ஒரு நாடகமும் எழுதினார். அடுத்த ஆண்டு ஹென்றி ஃபீல்டிங்கின் ஹேமார்க்கெட் குழுவில் சேர்ந்தார்.

ஃபீல்டிங்கின் நாடகங்கள் பிரதமர் வால்போலையும், அவருடைய ஆதரவாளரான கோலி சிப்பரையும் சேர்த்தே கேலி செய்தவை. ‘பாஸ்குவின்’ நாடகத்தில் அரசவைக் கவிஞரைக் கிண்டல் செய்யும் வேடத்தைச் சார்லட்டே ஏற்றார். மகளே தந்தையைப் போல நடித்துக் காட்டினால் கூட்டம் வராமலா இருக்கும்? தந்தையின் மனம் புண்பட்டதும் இயல்பே.

1737 ஜூனில் வால்போல் அரசு நாடக உரிமச் சட்டத்தைக் கொண்டுவந்தது. புதிய நாடகங்கள் அனைத்தும் லார்டு சேம்பர்லினின் தணிக்கைக்கு உட்பட்டன. பட்டயமோ அனுமதியோ இல்லாத இடத்தில் ஊதியத்துக்காக நடிப்பவருக்கு 50 பவுண்டு அபராதம். லண்டனில் இரண்டு பட்டய அரங்குகள் மட்டும் எஞ்சின. ஃபீல்டிங் நாடகத்தைவிட்டு விலகிச் சட்டம் படித்தார், பிறகு நாவலாசிரியரானார். சார்லட்டுக்கு அத்தகைய மாற்றுவழி இல்லை. இரு அரங்குகளும் அவரை ஏற்காதபோது லண்டனில் அவர் தொழில் செய்ய இடமே இல்லை.

உயிருள்ள நடிகர்களுக்குத்தானே தடை? 1738-இல் அனுமதி பெற்றுப் பொம்மலாட்டம் நடத்தினார். அது நொடித்தது. அதன்பின் மளிகைக்கடை, ஒரு பிரபுவிடம் பணியாள் வேலை, தொத்திறைச்சி வியாபாரம், உணவு விடுதி என எத்தனையோ தொழில்கள். நாள்தோறும் ஆண் உடையில், பிரவுன் என்ற பெயரில் வாழ்ந்தார். பல ஆண்டுகள் ஊர் ஊராக அலையும் நாடகக் குழுக்களோடு திரிந்தார். அப்படித் திரிந்தபோது குளஸ்டரில் நாடோடிச் சட்டத்தின்கீழ் சிறைப்பட்டார். ஹார்ப்பரை விடுவித்தவை அவருடைய நிலமும் வீடும். சார்லட்டிடம் இரண்டும் இல்லை.

இரண்டு சுயசரிதைகள்

1740-இல் கோலி சிப்பர் தம் சுயசரிதையை வெளியிட்டார். அன்றைய நடிகர்களின் நடிப்பைப் பற்றி இன்றும் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சாட்சியம் அது. அதே நூலில் அவர் 1737-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்து வாதிடுகிறார். அரங்குகள் பெருகினால் தரம் கெடும், நல்ல நடிகர்கள் சிதறிப்போவார்கள், மலிவான வேடிக்கைகள் நல்ல நாடகத்தை விரட்டிவிடும் என்பது அவர் கருத்து.

இவ்வாதத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. அவருடைய நிர்வாகத்தில் டிரூரி லேன் ஒழுங்காக நடந்தது. ஊதியங்கள் தவறாமல் கிடைத்தன. அதற்குக் குறைந்த போட்டியும் ஒரு காரணம். ஆனால், 1695-இல் இரண்டாவது அரங்கு திறந்திராவிட்டால் சர் நாவல்டி ஃபேஷன் பிறந்திருப்பானா? 1709-இல் ரிச்சின் உரிமை அசைக்க முடியாததாக இருந்திருந்தால், சிப்பர் என்றேனும் பங்காளியாகியிருப்பாரா? தாம் ஏறிவந்த ஏணியைப் பிறர்க்கு இல்லாமல் செய்வதை அவர் நாடகக் கலையின் நலன் என்று நம்பினார். அதற்கு முதலில் பலியானவர்களுள் அவருடைய மகளும் ஒருவர் என்பதை அவர் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

1743-இல் கவிஞர் அலெக்சாண்டர் போப் தம் ‘டன்சியட்’ அங்கதக் காவியத்தின் நாயகனாக, மூடர்களின் அரசனாக, சிப்பரை அமர்த்தினார். அந்தக் கேலியே பின்வந்த தலைமுறைகளின் தீர்ப்பாகவும் நிலைத்துவிட்டது. நடிகர் என்ற முறையிலும் நிர்வாகி என்ற முறையிலும் சிப்பருக்கு அது நியாயம் செய்யவில்லை.

1755-இல் சார்லட் தம் வாழ்க்கை வரலாற்றை எட்டுச் சிறு பகுதிகளாக வெளியிட்டார். புரவலர் ஒருவருக்கு நூலைக் காணிக்கையாக்கும் வழக்கத்தைக் கேலி செய்வதுபோல், அதைத் தமக்கே காணிக்கையாக்கினார். தொடர் வெளிவந்துகொண்டிருந்தபோது மன்னிப்புக் கேட்டுத் தந்தைக்குக் கடிதம் எழுதினார். ஒரு சொல் பதிலும் இன்றி, வெற்றுத்தாளில் மடித்து அனுப்பியதுபோல் அது திரும்பி வந்தது. 1757-இல் கோலி சிப்பர் மறைந்தபோது, உயிலில் சார்லட்டுக்கு ஒதுக்கியிருந்தது ஐந்து பவுண்டு. மறு ஆண்டு தியோஃபிலஸ் டப்ளினில் நடிப்பதற்காகச் செல்லும் வழியில் கப்பல் கவிழ்ந்து இறந்தார். 1760-இல் சார்லட்டும் மறைந்தார். குடும்பத்தில் எஞ்சிய சுசானா, 1742-இல் டப்ளினில் ஹேண்டலின் ‘மெசையா’ முதன்முதலாக அரங்கேறியபோது பாடிப் புகழை மீட்டவர். பின்னர் டேவிட் கேரிக்கின் இணையாக மேடையை ஆண்டார். 1766-இல் அவர் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பட்டய அரங்குகளின் தனியுரிமை 1843-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. லார்டு சேம்பர்லினின் தணிக்கை 1968 வரை நீடித்தது. 3,000 கினிக்கு விற்கப்பட்ட பங்கு யாருக்கும் நினைவில்லை. தந்தையின் நூலும் மகளின் நூலும் இன்றும் அச்சில் உள்ளன. நாடக வரலாற்றில் ஆர்வமுள்ளோர் முதல் நூலோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது. அரங்கின் வரவு செலவு உள்ளிருப்பவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை ஒன்று சொல்கிறது. அதே கணக்கில் இடம்பெறாதவரின் செலவு எவ்வளவு என்பதை மற்றொன்று சொல்கிறது.